மூன்று வரி இடம்

புதன்கிழமையும் தண்ணீர் லாரி வரவில்லை.

போலீஸ் குடியிருப்பின் வாசலில் காலை ஆறு மணியிலிருந்தே குடங்கள் வரிசை கட்டி நின்றன. பிளாஸ்டிக் குடம், அலுமினிய அண்டா, பெயின்ட் டப்பா, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி என்று அவரவர் வீட்டில் வாய் திறந்து கிடந்ததெல்லாம் வந்திருந்தது. மழை பெய்து ஐந்து மாதமாகிவிட்டது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அதுவும் சூடாக வரும். மூன்று மாடி, முப்பத்தாறு வீடு. அத்தனைக்கும் தினமும் காலையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது ஒரு நீல நிற லாரி. செவ்வாய்க்கிழமை அது வராதபோது பஞ்சராக இருக்கும் என்றார்கள். இன்றைக்கு யாரும் பஞ்சர் என்று சொல்லவில்லை.

ஸ்டேஷன் ரைட்டரின் மனைவி இரண்டு குடங்களோடு வரிசையின் நடுவில் நின்றாள். முன்னால் நின்றவளும் திரும்பிப் பேசவில்லை, பின்னால் நின்றவளும் தோளைத் தொட்டுப் பேசவில்லை. ஜீப் டிரைவரின் மனைவி மட்டும் வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சில பேரு வீட்டுல உத்தமம் பொங்கி வழியுது. அதைக் குடத்துல புடிச்சுக் குடிச்சுக்குவாங்க. நமக்குத் தண்ணிதான் வேணும்."

"யாரைச் சொல்றீங்க?"

"பொதுவாச் சொன்னேங்க. யார் பேரையாவது சொன்னேனா?"

"அப்ப நானும் பொதுவா ஒண்ணு சொல்றேன். ஒரே வருஷத்துல உங்க வீட்டுக்காரர் பேன்ட்டு இடுப்பை மூணு தடவை பிரிச்சு விட்டுட்டேன். இனிமே பிரிக்கிறதுக்குத் துணி இல்ல."

நாலைந்து பேருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். குடியிருப்பில் இருக்கிற அத்தனை சீருடையும் அவள் தையல் மிஷினில் ஏறி இறங்கியதுதான். எந்த வயிறு எந்த மாதத்தில் எத்தனை அங்குலம் வளர்ந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த வாரம் தைக்கக் கொடுத்திருந்த துணியை நாலு வீட்டுக்காரர்கள் தைக்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எட்டு மணி வரை நின்றுவிட்டு வெறும் குடங்களோடு மாடியேறினாள். உள்ளே ரைட்டர் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். குடங்களை அவர் காலடியில் டங்கென்று வைத்தாள்.

"இந்தாங்க. உங்க நேர்மையை இதுல ரொப்பிக் குடுங்க. சோறு வடிக்கணும்."

ரைட்டர் குடங்களைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். முக்கால் மைலில் ஒரு கைப்பம்பு இருந்தது. அறுபது அடி அடித்தால் ஒரு குடம் நிறையும். சீருடையோடு அவர் பம்பு அடிப்பதை முப்பத்தாறு வீட்டு ஜன்னலும் வேடிக்கை பார்த்தது என்று பிற்பாடு மகள் சொன்னாள். முக்கால் மைலுக்கு அப்பால் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்க வீட்டில் யாருக்கும் மனசில்லை.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டுக்கு ரைட்டர் என்று பெயர். பல ஸ்டேஷன்களில் பெயருக்கு ஏற்ற மாதிரி கதையும் எழுதுவார்கள். இவருக்கு அது வராது. டைரி என்று ஒரு தடித்த புத்தகம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, முத்திரை குத்தி வரும். யார் வந்தார், யார் போனார், என்ன புகார், யாரைப் பிடித்தார்கள் என்று ஸ்டேஷனில் நடப்பதெல்லாம் மணி நிமிஷத்தோடு அதில் ஏற வேண்டும். தாளைக் கிழிக்க முடியாது, எண் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு பழக்கம். மணிக்கொரு தரம் மூன்று வரி இடம் விட்டு எழுதுவது. காலையில் பிடித்தவனை மாலையில் பிடித்ததாகக் காட்ட வேண்டுமா, வராத புகாரை வந்ததாக ஆக்க வேண்டுமா, எல்லாவற்றையும் அந்த மூன்று வரி தாங்கிக்கொள்ளும். புதிதாக வருகிற ரைட்டருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இடம் விடக் கற்றுக்கொடுப்பார்கள்.

இவர் இடம் விடமாட்டார். ஒரு வரிக்கு அடியில் மறு வரி, ஒரு ஊசி நுழையாது. அதனால் அவருக்கு 'நெருக்கி' என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு ஸ்டேஷன். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அந்தப் பெயர் போய் உட்கார்ந்திருக்கும். "புத்தகத்துல ஏறிட்டா ஏறினதுதான்" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. அதைச் சொல்லும்போது மூக்கு கொஞ்சம் விடைக்கும். கர்வம்தான், வேறென்ன? லஞ்சம் வாங்காதவனுக்கு வேறு எதில்தான் பெருமை இருக்க முடியும்! அந்தக் கர்வம்தான் கடைசியில் அவர் காலை வாரிவிட்டது.

ஒன்பது நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, சாணை பிடிக்கிறவர் ஒருவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். மூச்சு இரைத்தது. வாய் மட்டும் நிற்காமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"நாலு ஒண்ணு ஏழு ரெண்டு. நாலு ஒண்ணு ஏழு ரெண்டு. எழுதிக்கங்க ஐயா, மறந்துரப் போகுது. நாலு ஒண்ணு ஏழு ரெண்டு."

அவர் மனைவி தெரு கூட்டுகிறவள். விடியற்காலையில் மார்க்கெட் வளைவில் கூட்டிக்கொண்டிருந்தவளை நீல நிறத் தண்ணீர் லாரி ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ரைட்டர் நேரம் போட்டார், இடம் போட்டார், லாரியின் நிறத்தையும் நாலு எண்ணையும் எழுதினார். சாணைக்காரர் அந்த எண்கள் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"சீட்டு கீட்டு ஏதாச்சும் தருவீங்களா ஐயா?"

"சீட்டு எதுக்கு? புத்தகத்துல ஏறிட்டா ஏறினதுதான். நீங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

அவர் ஓடினார். வியாழக்கிழமை அந்தப் பெண் இறந்துபோனாள்.

அந்த லாரி இன்ஸ்பெக்டருடைய மச்சினன் பேரில் இருந்தது. பேருக்குத்தான் மச்சினன். டீசல் போடுவது யார், டிரைவரை அதட்டுவது யார் என்பது ஸ்டேஷன் வாசலில் படுத்திருக்கிற நாய்க்கும் தெரியும். தண்ணீர் வராத தெருக்களுக்கெல்லாம் அதுதான் விலைக்குத் தண்ணீர் விற்றது. போலீஸ் குடியிருப்புக்கு மட்டும் இனாம். அதனால் முப்பத்தாறு வீட்டிலும் அந்த லாரியைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை. ரைட்டரும் கேட்டதில்லை. அவர் வீட்டுச் சோறும் அந்தத் தண்ணீரில்தான் வெந்தது.

புகார் எழுதிய அன்றைக்கே பத்து மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இடம் இருக்கா?" இல்லை என்றார் ரைட்டர். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுப் போய், வழக்குக் காகிதத்தில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று தானே எழுதிக்கொண்டார். ஆனால் ஆள் செத்த பிறகு கோர்ட்டு டைரியைக் கேட்கும். டைரியில் நாலு எண் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ரைட்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் ரைட்டரைவிடப் பத்து வயது சின்னவர், குரலை உயர்த்தாதவர், கெட்ட வார்த்தை பேசாதவர். காரியம் ஆக வேண்டுமென்றால் 'அண்ணே' என்பார். ஆகாது என்று தெரிந்தால் 'ரைட்டர்' என்பார்.

"உட்காருங்கண்ணே. வெயில் என்ன இப்படிக் கொல்லுது? டீ சொல்லட்டுமா?"

"இப்பத்தான் குடிச்சேன் சார்."

மேஜைமேல் ஒரு புது டைரி இருந்தது. எண், முத்திரை எல்லாம் போட்டுத் தயாராக இருந்தது.

"நம்ம பழைய டைரி நனைஞ்சுபோச்சுண்ணே."

"எப்ப சார்? காலையிலகூட எழுதினேனே, காஞ்சுதானே இருந்துச்சு?"

"இனிமேதான் நனையும்" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். "தண்ணிப் பானை பக்கத்துலதானே வச்சிருக்கீங்க, ஒருநாள் கவிழாதா? அதுக்குள்ள நீங்க இதுல காப்பி எடுத்துடுங்க. முதல் பக்கத்துலேருந்து, நாப்பத்தோரு நாளையும். உங்க கையெழுத்துலயே இருக்கணும், வேற ஆளு எழுதினா நல்லாருக்காது."

"அப்படியே எழுதணுமா சார்?"

"அப்படியேதான். ஒரு நம்பரைத் தவிர."

"அந்தப் பொம்பளை செத்துப்போச்சு சார்."

"தெரியும்ணே. நானும் மனுஷன்தான். டிரைவர் கண்ணசந்துட்டான், அவனுக்கும் மூணு பிள்ளைங்க. நம்பர் இருந்தா அந்தம்மா எந்திரிச்சு வந்துருமா, சொல்லுங்க?"

"புத்தகத்துல ஏறிட்டா..."

"ஏறினதுதான். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு." பேப்பர் வெயிட்டைத் தூக்கி அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். "உங்க பொண்ணு ஃபைலு. ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிற வேலையாமே? நல்ல வேலைண்ணே. நன்னடத்தை அறிக்கை கேட்டிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமையோட முப்பது நாள் முடியுது. நான் ஒரு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா வேலை. நீங்க ஒரு நாலு எண்ணை எழுதாம விட்டா போதும். யாருக்கு என்ன நஷ்டம்?"

ஃபைலைத் திரும்ப வைத்து, பேப்பர் வெயிட்டை மெதுவாக அதன்மேல் நகர்த்தினார். மகள் மூன்று வருஷம் படித்து, இரண்டு வருஷம் தனியார் சோதனைக்கூடத்தில் மற்றவர்களின் சளியையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதி வாங்கிய வேலை அது. ரைட்டருக்குக் காது அடைத்தது. "என்னால முடியாது சார்" என்று அவர் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பெரிய ஆபீஸில் பெரிய அதிகாரியைப் பார்த்தார். எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றார் அவர். எழுதுவதுதானே நம் தொழில் என்று ரைட்டர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். பெரிய அதிகாரி படித்துப் பார்த்து, "ரொம்ப அழகான கையெழுத்து" என்றார். ரைட்டர் தைரியமாக வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தண்ணீர் லாரி வராமல் நின்றிருந்தது.

பழைய டைரி இன்னும் நனையவில்லை. காப்பி தயாராகும்வரை பானைக்கும் பொறுமை இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தபோது மனைவி தட்டில் சோறும் ஒரு முட்டையும் வைத்தாள். வெங்காயம் நறுக்கவில்லை. வெங்காயம் கழுவவும் தண்ணீர் வேண்டும்.

"ஒரு நம்பர்" என்று ஆரம்பித்தாள். "ஒரே ஒரு நம்பர். நீங்க திருடல, யாரையும் அடிக்கல, கை நீட்டல. சும்மா ஒண்ணை எழுதாம விடுறது. அது பாவமா?"

"எழுதினதை எழுதாம விடுறது."

"என்ன வித்தியாசம்?"

"இருக்கு."

"எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது, ஊரே வாங்கிச் சாப்பிடுது, நீங்க ஒருத்தர்தான் விரதம். விரதத்தோட இருங்க, வேண்டாங்கல. இருபத்திரண்டு வருஷமா நானும் உங்ககூடப் பட்டினிதான். ஏழு ஊரு. ஒவ்வொரு ஊருலயும் அடுப்பு மூட்டி, ஆளு பழகி, தையலுக்கு நாலு வீடு புடிக்கிறதுக்குள்ள மாத்திடுவாங்க. நான் ஏதாவது சொன்னேனா?"

"சொன்னே."

"சொன்னேன்! சொல்லாம என்ன பண்ணுவேன்? ஆனா கூட வந்தேன்ல? இப்ப இவ வாழ்க்கை. இவளுமா உங்க புத்தகத்துக்கு அடியில மாட்டிக்கிட்டு நசுங்கணும்?"

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை உத்தரவை மடியில் வைத்திருந்தாள். மடிப்புகளில் தாள் நைந்துபோயிருந்தது. ரைட்டர் அவளைப் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்றே?"

"என்கிட்டக் கேக்காதீங்கப்பா."

"உன் வேலைதானே?"

"அதனாலதான் கேக்காதீங்கங்கறேன். எழுதுங்கன்னு சொன்னா, நாளைக்குப் பொண்ணுக்காக எழுதினேன்னு நினைப்பீங்க. எழுதாதீங்கன்னு சொன்னா, பொண்ணே சொல்லிட்டான்னு நிம்மதியா இருப்பீங்க. ரெண்டுத்துலயும் நீங்க தப்பிச்சுக்குவீங்க. என் தலையில போடாதீங்க. நீங்களே பண்ணுங்க, என்னமோ பண்ணுங்க."

முட்டையை மகள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் திரும்பவும் அவர் பக்கமே நகர்த்தினாள். கடைசியில் மனைவி எடுத்து மூடி வைத்தாள்.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் ஒருவரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ வாங்கி வருகிறவர் எல்லா மேஜையிலும் வைத்துவிட்டு அவர் மேஜையைத் தாண்டிப் போனார். தன்னைத் தவிர எல்லாருமே கெட்டவர்களாக இருந்தாலாவது மனசு ஆறும் என்று ரைட்டருக்குத் தோன்றியது. அப்படியும் இல்லை. குடியிருப்பில் யார் வீட்டுப் பிரசவத்துக்கும் விடிய விடிய ஜீப் ஓட்டி உதவுகிறவர் ஜீப் டிரைவர். அவருக்கும் வீட்டில் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். இந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பேனாவின் முனையை அழுத்தி அழுத்தி எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தபால் பை வந்தது. வருகிற காகிதங்களைத் தபால் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுவதும் ரைட்டரின் வேலைதான். பையைப் பிரித்தார். முதல் உறையில் இருந்தது அவருடைய மனு. அவருடைய அதே அழகான கையெழுத்து. மேலே சிவப்பு மையில், 'சம்பந்தப்பட்ட இன்ஸ்பெக்டர் விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்று எழுதியிருந்தது. மற்ற மனுக்கள் போனால் மூன்று மாதம் திரும்பி வராது. இது மூன்றே நாளில் வந்துவிட்டது.

இரண்டாவது உறையில் அவருக்கு மாற்றல் உத்தரவு. மலையடிவாரத்தில் ஒரு அணைக்கட்டுக்குக் காவல், இன்று மாலையே விடுவிக்க வேண்டும் என்று இருந்தது. மூன்றாவது, ஆஸ்பத்திரியிலிருந்து நினைவூட்டல். கீழ்க்கண்ட பெண்ணின் நன்னடத்தை அறிக்கை இன்று மாலைக்குள் வராவிட்டால் நியமனம் ரத்தாகும்.

ரைட்டர் மூன்றையும் ஏற்றினார். முந்நூற்றுப் பதினெட்டு, முந்நூற்றுப் பத்தொன்பது, முந்நூற்று இருபது. நடுவில் இடம் விடவில்லை. ஏற்றி முடித்து, மூன்றையும் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். மனுவைப் படிக்கும்போது அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

"என்மேல நீங்க குடுத்த புகாரை என்னையே விசாரிக்கச் சொல்லி, அதை நீங்களே எண் போட்டு எடுத்துட்டு வந்திருக்கீங்க. உங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்குண்ணே, சத்தியமா."

மனுவை மடித்து உறையில் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"உங்களுக்குச் சாயங்காலம் அஞ்சு மணிவரை டைம் இருக்கு. நாப்பத்தஞ்சு நாளையும் இன்னிக்கு எழுத முடியாது, தெரியும். அந்த ஒரு நாளோட பக்கத்தை மட்டும் புதுசுல எழுதிக் குடுங்க. மத்ததைப் புது ரைட்டர் எழுதிக்குவான். உடனே ஃபைல்ல கையெழுத்துப் போட்டு ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். மாத்தல் உத்தரவையும் பேசி நிறுத்திடலாம்."

"நான் எழுதலேன்னா சார்?"

"புது ரைட்டர் எல்லாத்தையும் அவன் கையெழுத்துலயே எழுதுவான். கொஞ்சம் அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். நீங்க எழுதினாலும் நம்பர் போயிடும், எழுதலேன்னாலும் போயிடும். நடுவுல உங்க பொண்ணு வேலையும் ஏன் போகணும்? சாப்பிட்டுட்டு யோசிச்சுட்டு வாங்க."

ரைட்டர் வெயிலில் வீட்டுக்கு நடந்தார். யோசிக்க என்ன இருந்தது? அவர் அத்தனை வருஷமாக நம்பிய புத்தகம் ஒரு பானைத் தண்ணீருக்குத் தாங்காது. நெருக்கி நெருக்கி எழுதி என்ன பிரயோஜனம், மொத்தமாகவே முக்கி எடுத்துவிடுகிறார்களே! எழுதினால் என்ன என்று முதல் தடவையாக நினைத்தார். எப்படியும் போகிற எண். மகள் வேலையாவது மிஞ்சும். வளைவு திரும்பும்போது எழுதிவிடுவது என்று ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டார்.

குடியிருப்பின் மாடிப்படி நிழலில் ஒரு சாணைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மிதித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியின் பெரிய கத்தரிக்கோலைக் கல்லில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். சாணைக்காரர் தலை நிமிர்ந்து ரைட்டரைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"ஐயா நீங்களா? இங்கதான் இருக்கீங்களா?"

"நீங்க உக்காருங்க."

"பதினோரு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் சக்கரத்தைத் தூக்கினேன். வீட்டுல இருக்க முடியல." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "ஐயா, அந்த நம்பரு இருக்குல்ல?"

மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஆள் யார் என்று புரிந்தது.

"இருக்கு" என்றார் ரைட்டர்.

"அது போதுங்க ஐயா. நான் வேற எதுவும் கேக்கல." கத்தரிக்கோலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே மனைவியிடம் சொன்னார். "உங்ககிட்டச் சொல்றேன்மா, யார்கிட்டயும் சொல்லல. அவ கீழ விழுந்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன், சக்கரத்தோட. தண்ணி தண்ணின்னு கேட்டா. டீக்கடைத் தண்ணிப் பானை பத்தடிதான். நான் தண்ணி குடுக்கலம்மா. லாரி பின்னாடி ஓடினேன். நம்பரை விட்டா போச்சுன்னு தோணிச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது, எண்ணு தெரியும். அரை மைல் ஓடிப் பார்த்துட்டு, அதைச் சொல்லிக்கிட்டே திரும்பி வந்தேன். வந்தப்ப அவளுக்குப் பேச்சு இல்ல. அப்புறம் பேசவே இல்ல."

நின்றிருந்த சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"சொந்தக்காரங்க எல்லாம் கேக்கறாங்க, பொண்டாட்டி தண்ணி கேக்கும்போது எவனாவது ஓடுவானான்னு. நான் பதில் சொல்றதில்ல. அந்த நம்பரு ஐயா புத்தகத்துல இருக்குன்னா, நான் ஓடினதுக்கு அர்த்தம் இருக்கு. இல்லேன்னா..." கத்தரிக்கோலை ஒரு துணித் துண்டில் வெட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். "நல்லா வெட்டும்மா."

மனைவி வாங்கிக்கொண்டாள்.

ரைட்டருக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கு இந்த மனிதர் சீட்டுக் கேட்டாரே! புகார் கொடுத்தவருக்கு நகல் கொடுப்பது சட்டம். எதற்கு என்று மூக்கை விடைத்துக்கொண்டு அனுப்பியது யார்? இன்ஸ்பெக்டரா? டைரியைக் காப்பாற்றுகிறேன் என்று பத்து நாளாக அதைக் கட்டிக்கொண்டு கிடந்தாரே தவிர, டைரி இந்த மனிதருக்காகத்தான் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை.

"மூணு மணிக்கு ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார் சாணைக்காரரிடம். சாப்பிடாமலே திரும்பி நடந்தார்.

ஸ்டேஷன் முத்திரை பொறுப்பு ஒப்படைக்கும்வரை ரைட்டரிடம்தான் இருக்கும். டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தை முழுதாக நகல் எடுத்தார். நீல நிறத் தண்ணீர் லாரி, நான்கு ஒன்று ஏழு இரண்டு. எண்ணிலும் எழுதினார், எழுத்திலும் எழுதினார். 'உண்மை நகல்' என்று போட்டுக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். மூன்று மணிக்கு வந்த சாணைக்காரர் தாளை இரண்டு கையாலும் வாங்கி, எண்கள் இருக்கிற இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

'3.20. மனுதாரருக்கு நகல் வழங்கப்பட்டது' என்று ரைட்டர் டைரியில் எழுதினார். முந்தின வரியை ஒட்டியே எழுதினார்.

நாலு மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் அந்த வரியைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். குரல் உயரவில்லை.

"ரைட்டர், பொறுப்பை ஒப்படைச்சுட்டுக் கிளம்புங்க."

"என் பொண்ணு ஃபைல் சார்? கெட்டதாவது எழுதி அனுப்புங்க. அப்பீல் போட்டுக்குவா."

இன்ஸ்பெக்டர் ஃபைலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

"நல்லதும் எழுதல, கெட்டதும் எழுதல. நீங்க விடாத இடத்தை நான் விட்டிருக்கேன். மூணு வரி இல்ல, பக்கம் முழுக்க."

அவர் வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தரை. குடியிருப்பு வாசலில் நீல லாரி நின்றுகொண்டிருந்தது. முன்பக்கத்து நசுங்கலைத் தட்டி, புது பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட்டுக்குக் கீழே அதே நாலு எண். நகல் கொடுத்துவிட்டு ரைட்டர் அணைக்கட்டுக்கு ஒழிந்தார் என்ற சேதி அவருக்கு முன்னால் வந்துவிட்டது. லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது, பெண்கள் ஈரப் புடவையோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஜீப் டிரைவரின் மனைவிகூட அவரைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவையும் வரச் சொல்லுங்கண்ணே, நெறையக் கெடக்கு" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி தெருமுனையில் வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். பம்பிலிருந்து முக்கால் மைல் நடந்து வருகிறாள். வியர்வையில் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. லாரியைத் திரும்பிப் பார்க்காமல், வரிசையைப் பிளந்துகொண்டு படியேறினாள். ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. அந்த மனுஷன் பேசினதைக் கேட்டப்புறம் இது தொண்டையில இறங்காது, அதுக்காக. இடுப்பு விட்டுப்போச்சு. அணைக்கட்டுக்கு மாத்தலாமே? அங்கயாவது தண்ணி இருக்கும். அங்க யாரு எனக்குத் தையல் குடுப்பா, மீனு வந்து குடுக்குமா?"

உள்ளே மகள் ஜன்னலோரத்திலேயே இருந்தாள். வேலை உத்தரவு மடியில் இல்லை, தரையில் கிடந்தது.

"ஃபைல் என்னாச்சு?" என்றாள்.

"இழுப்பறையில வச்சுப் பூட்டிட்டார்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ஆபீஸ் ஐந்து மணிக்கே மூடியிருக்கும். அழுவாள் என்று பயந்தார், அவள் அழவில்லை. அழுதால் பக்கத்தில் போய் உட்காரலாம், அதற்கும் அவள் வழி விடவில்லை.

"அஞ்சு வருஷம்ப்பா" என்றாள். கீழே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"அந்த நகலை அவர் பத்திரமா வச்சிருப்பாரா?"

"சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனார்."

"போலீஸ்காரன் எவனாவது வந்து கேட்டா எடுத்துக் குடுத்துடுவார். படிக்கத் தெரியாதவர். அதைக்கூட யோசிக்கலையா நீங்க?"

ரைட்டர் யோசிக்கவில்லை.

மகள் எழுந்து செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது, இன்னொன்றைத் தையல் மிஷினுக்கு அடியிலிருந்து காலால் இழுத்தாள்.

"அவர் வீடு எங்கன்னு சொல்லுங்க. அதை வாங்கிட்டுப் போய் நாலு காப்பி எடுக்கறேன். திங்கக்கிழமை நானே அவர்கூடக் கோர்ட்டுக்குப் போறேன்."

"நீ எதுக்கும்மா?"

"பின்ன யாரு போவா? நீங்க அணைக்கட்டைக் காவல் காக்கப் போயிடுவீங்க. அம்மா தண்ணிக்குப் போயிடுவாங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமலே. "வேலை இல்லாம வீட்டுல இருக்கறது நான் ஒருத்திதானே."

புகாரில் எழுதிய விலாசத்தை ரைட்டர் சொன்னார். படியில் அவள் செருப்புச் சத்தம் மூன்று மாடியும் இறங்கியது. மனைவி பம்புத் தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, விளக்கு வைப்பதற்கு முன் உலை வைக்கப் போனாள்.